தபால்காரர் அப்பாவும் திருப்பாதிரிப்புலியூர்த் தெருக்களும்

மறதி நோய் வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் பொறுப்பை ஒரு வீடு தனியாகச் சுமக்க முடியாது என்பதையும், தெருவில் உள்ளவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, ஒவ்வொருவராலும் முடிந்த சிறிய உதவியைக் கேட்டுப் பெற்றால் சுமை தாங்கக்கூடியதாகிறது என்பதையும், கடலூரில் எங்கள் அப்பாவைக் கவனித்துவரும் அனுபவத்தில் அறிந்துகொண்டேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அப்பா அஞ்சல் துறையில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் அவருடைய மிதிவண்டி நுழையாத சந்து இல்லை. கதவு எண்ணைச் சொன்னால் அங்கே குடியிருப்பவர் பெயரையும், அவருடைய பிள்ளை எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்பதையும் சேர்த்தே சொல்வார். அப்படிப்பட்டவர் ஓய்வூதியப் பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, அம்மா எடுத்துக்கொண்டதாகச் சண்டை போடத் தொடங்கினார். ஒரு வேளைச் சாப்பாடு முடிவதற்குள் ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டார். முதலில் பார்த்த மருத்துவர், வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கடலூர்க்காரர்களுக்குப் பெரிய நோய் என்றாலே புதுச்சேரிப் பேருந்துதான்; நாங்களும் அப்பாவைக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே இரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் ஆகியவற்றுடன் நினைவாற்றல் சோதனையும் செய்தார்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கடிகார முகம் வரைந்து பதினொன்று பத்து மணியைக் காட்டச் சொன்னார்கள். அப்பா வட்டத்தை அழகாகப் போட்டார்; பிறகு பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி எழுதிவிட்டு, இடது பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது நோய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம், அவற்றைச் சரிசெய்தால் தேறவும் வாய்ப்புண்டு, ஆகவேதான் இத்தனை சோதனைகள் என்று மருத்துவர் விளக்கினார். அப்பாவுக்கு அவை எதுவும் இல்லை. அல்சைமர் என்ற வகை மறதி நோய் என்று உறுதியாயிற்று. கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை சிலருக்கு அறிகுறிகளைச் சில காலம் கட்டுக்குள் வைக்குமே தவிர, நோயைக் குணப்படுத்தாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொன்னதும் அவர்தான். காதில் சரியாக விழாத மனிதரின் குழப்பம் இரண்டு மடங்காகும் என்றார். செவிக்கருவி போட்ட பிறகு அப்பாவின் கோபத்தில் ஒரு பகுதி குறைந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம்.

நோய் உறுதியான உடனே செய்ய வேண்டியது காகித வேலை. இதைத் தள்ளிப்போடவே கூடாது. பிற்காலத்துக்கு உதவும் என்று, தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரத்தை எழுதி வைப்பவர்கள் பலர். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது உதவாது. எனவே அப்பா விவரம் புரிந்து கையெழுத்திடும் நிலையில் இருந்தபோதே, அவருடைய சம்மதத்துடன் சேமிப்புக் கணக்கை அம்மாவுடன் கூட்டுக் கணக்காக மாற்றி, வாரிசு நியமனங்களைச் சரிபார்த்தோம். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்கு இப்போது தபால்காரரே வீட்டுக்குக் கருவியோடு வந்து கைரேகை பெற்றுப் பதிவுசெய்கிறார். காக்கிச் சட்டையில் ஒருவர் வாசலில் நின்றதும் அப்பா எழுந்து நாற்காலி போட்டு, இன்றைக்குக் கட்டு பெரிதா என்று விசாரித்தார். வந்தவரும் புரிந்துகொண்டு, ஆமாம் ஐயா, பொங்கல் வாழ்த்துக் கட்டு என்று பதில் சொன்னார். இத்தனைக்கும் அது நவம்பர் மாதம். அந்த இளைஞருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். எப்படிப் பேச வேண்டும் என்பது அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது.

தெருவில் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் வீட்டுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கண்டிப்பாக வேண்டாம் என்றார். "ஏம்மா, நாளைக்கு உன் பொண்ணுக்கு வரன் பார்க்கணும், அந்த வீட்டுல புத்தி சரியில்லாதவரு இருக்காருன்னு பேசுவாங்க" என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை; நம் ஊரில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். முதிய வயதில் வரும் அல்சைமர் பெரும்பாலும் தலைமுறையாக நேரே இறங்குவதில்லை என்று மருத்துவர் சொன்னதை அத்தையிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இந்தியாவில் 60 வயதைக் கடந்த நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அப்படியானால் எங்கள் தெருவிலேயே இன்னும் சில வீடுகளில் இது இருக்க வேண்டும். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். நோயாளி வழி தவறிப் போகும்போது அவரைத் திருப்பி அனுப்பக்கூடியவர்கள் தெருவில் இருப்பவர்கள்தாம். அவர்களுக்கே தெரியாவிட்டால் மறைத்துவைத்த கௌரவம் யாரைக் காப்பாற்றும்?

காலை பத்து மணி ஆனால் அப்பாவுக்குக் கால் நிற்காது. தபால் கொடுக்கக் கிளம்ப வேண்டும் என்று தோளில் பையை மாட்டிக்கொள்வார். கதவைப் பூட்டிப் பார்த்தோம். கத்தி, அழுது, அம்மாவின் கையைப் பிடித்துத் தள்ளினார். நேற்று யார் வந்தார்கள் என்பது நினைவில்லாதவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுற்றிய பாதை மட்டும் மறக்கவில்லை. அண்மை நினைவு முதலில் போகும், உடல் பழகிய பழக்கங்கள் நெடுநாள் நிற்கும் என்பது இந்த நோயின் இயல்பு. அப்படியானால் பாதையைத் தடுப்பதைவிடப் பாதையில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. பேருந்து ஓடும் சாலையைத் தவிர்த்து, பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும் ஒரு சுற்றை அமைத்து, அந்த வழியிலுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் நானும் என் கணவரும் நேரில் போய்ச் சொன்னோம். பழைய திருமண அழைப்பிதழ்களையும் கடை விளம்பரத் தாள்களையும் பையில் வைத்து அனுப்புகிறோம். சில வீடுகளில் அவர் கொடுப்பதை வாங்கி, நன்றி ஐயா என்று சொல்லி வைத்துக்கொள்கிறார்கள். பள்ளி விட்டு வரும் என் மகள் அவற்றைத் திரும்ப வாங்கி வந்து மறுநாளைக்கு அடுக்குகிறாள். எங்களில் ஒருவர் சற்றுப் பின்னால் நடந்து போகிறோம். முடியாத நாளில் தேநீர்க் கடைக்காரர் அடுத்த முனையிலிருக்கும் மருந்துக் கடைக்குக் கைப்பேசியில் சொல்லிவிடுகிறார்.

சொல்லும்போது நோயின் வரலாற்றை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் சொன்னோம். பின்னாலிருந்து கூப்பிடாமல் முகத்துக்கு நேரே வந்து பேசுங்கள். என்னைத் தெரிகிறதா என்று சோதிக்காமல் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். அவர் சொல்வது தவறாக இருந்தாலும் மறுத்து வாதாடாதீர்கள். கெடிலம் ஆற்றுப் பாலத்தின் பக்கம் அவரைத் தனியாகக் கண்டால் உட்காரவைத்து எங்களுக்குச் சொல்லுங்கள். இவற்றுள் மிகவும் கடினமானது, தெரிகிறதா என்று கேட்காமல் இருப்பதுதான். அன்பினால்தான் கேட்கிறார்கள், ஆனால் விடை தெரியாமல் அப்பா முகம் சுருங்கி நிற்பதைப் பார்த்தவர்கள் மறுமுறை கேட்பதில்லை. அவருடைய சட்டைப் பையில் பெயரும் எங்கள் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கிறது. சமீபத்திய நிழற்படம் ஒன்றைக் காவல் நிலையத்திலும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இந்த ஏற்பாடு ஒரு மாலையில் அப்பாவைக் காப்பாற்றியது. வீட்டில் மின்சாரம் போய், அம்மா விளக்கு ஏற்றுவதற்குள் அவர் வெளியே போய்விட்டார். பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது இந்த நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படுவது. பாலத்தைக் கடந்து மஞ்சக்குப்பம் பக்கம் போய்க்கொண்டிருந்தவரை எங்கள் நிறுத்தத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வாருங்கள் என்று அவர் இழுக்கவில்லை. "ஐயா, தலைமைத் தபால் நிலையத்துக்குத்தான் போறேன், ஏறிக்குங்க" என்று சொல்லி, ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் வாசலில் இறக்கிவிட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நோயில் எல்லாரும் நோயாளியை விசாரிப்பார்கள், பார்த்துக்கொள்பவரை விசாரிப்பவர் குறைவு. அப்பா இரவில் பலமுறை எழுவதால் அம்மாவுக்குத் தொடர்ந்து தூக்கமில்லை. கண்ணில் புரை வளர்ந்து பார்வை மங்கியும், அப்பாவை யாரிடம் விட்டுப் போவது என்று அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் தெருவிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருநாள் கடன் தவணை வாங்க வந்தபோது, அம்மா நின்றுகொண்டே கண் அயர்வதைப் பார்த்துவிட்டார். அடுத்த கூட்டத்திலேயே பேசி, சனிக்கிழமை பிற்பகல்களில் இருவர் முறைவைத்து எங்கள் வீட்டில் வந்து உட்காருவது என்று முடிவுசெய்தார்கள். ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள் என்ற வார்த்தையை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். களைத்துப்போனவருக்கு என்ன தேவை என்று யோசித்துச் சொல்வதற்கும் தெம்பு இருப்பதில்லை. நாளும் நேரமும் குறித்து வந்து உட்கார்ந்ததுதான் உதவி. அப்பா அவர்களோடு உட்கார்ந்து உருவிப் போட்ட முருங்கைக் கீரையில் காம்புகளும் கலந்திருக்கும். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு, அவர் பார்க்காதபோது ஆய்ந்துகொள்வார்கள். அந்த நேரங்களில் அம்மா தூங்கினார். பிறகு கண் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார்.

கடலூரில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அப்பாதான் எங்களுக்குத் தைரியம் சொன்னார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மின்சாரமில்லாத வீட்டில், காற்றின் சத்தத்தில் அவர் நடுங்கிப்போனார். தெரியாத இடத்தில், கூட்டத்துக்கு நடுவில் மறதி நோயாளியின் குழப்பம் பல மடங்காகும் என்பதால் நிவாரண முகாமுக்கு அழைத்துப் போக எங்களுக்குத் துணிவில்லை. மாடி வீடு வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர், அவருக்குப் பழகிய பாயையும் தலையணையையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லித் தம் வீட்டு அறையொன்றை ஒதுக்கிக் கொடுத்தார். மழைக்காலத்துக்கு முன்பே இப்படி ஓர் அறையைப் பேசிவைத்துக்கொள்வதும், மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டின் நகலையும் நனையாத உறையில் கட்டி வைப்பதும் நல்லது. முகாம் நடத்தும் அலுவலர்கள் பள்ளிக் கட்டடத்தில் ஓர் அமைதியான வகுப்பறையை இத்தகைய குடும்பங்களுக்கென ஒதுக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

அரசு வழியாகக் கிடைப்பவற்றில் எங்களுக்குப் பயன்பட்டவற்றையும் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வரும் தன்னார்வலர் அம்மாவின் அழுத்தத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் கட்டணமில்லாதவை. இரண்டாவது எண் நோயாளிக்கு மட்டும் உரியதன்று. நள்ளிரவில் மனம் உடைந்துபோன பராமரிப்பாளரும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஜப்பானில் 2005 முதல் வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எனச் சாதாரண மக்களுக்கு மறதி நோயாளிகளிடம் நடந்துகொள்ளும் முறையை ஒன்றரை மணி நேர வகுப்பாகச் சொல்லித் தருகிறார்கள். அப்படிப் பயின்றவர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் ஆட்டோ ஓட்டுநரும் தேநீர்க் கடைக்காரரும் எந்த வகுப்புக்கும் போகாமல் இவ்வளவு செய்கிறார்கள் என்றால், நடத்துநர்களுக்கும் நியாயவிலைக் கடை ஊழியர்களுக்கும் வங்கி முகப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு பிற்பகல் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ நடக்கும்.

இப்போது குடியிருப்போர் நலச் சங்கம் வழியாக மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். பயன்படாமல் இருக்கும் பொதுக் கட்டடம் ஒன்றின் கூடத்தை வாரத்தில் இரண்டு நாள் பகல்நேரப் பராமரிப்புக்குத் தர வேண்டும், கழிப்பறையில் கைப்பிடியும் வாசலில் சாய்தளமும் அமைத்துத் தர வேண்டும் என்பவை கோரிக்கைகள். மதிய உணவைச் சமைத்துத் தர மகளிர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோது, எங்கள் வீட்டிலும் மாமியாருக்கு இப்படித்தான் இருக்கிறது என்று இரண்டு வீடுகளில் முதன்முறையாக வாய்திறந்து சொன்னார்கள். அந்தக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த வாரம் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம்.