லுங்கித் துணியில் ஒரு குடும்பப் படம்

2025 ஜூன் 5, வியாழன்

நாள் முழுக்க வீட்டில் அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் பேச்சு. வீட்டார் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை மீட்டுத் தரச் சொல்லி, அவளை நேசிக்கும் பெண் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். நம் வேலூர் மாவட்டத்து வழக்கு. அவள் விருப்பப்படி போகலாம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் மே 22-ம் தேதி சொல்லியிருக்கிறது. 2023 அக்டோபரில் நம் போன்றோரின் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தர மறுத்தபோது என்னோடு வாழும் என் துணை, இவள், சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

எங்கள் குடும்பப் படத்தை வரையப்போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

கேன்வாஸ் வாங்கவில்லை. குடியாத்தத்தில் லுங்கித் துணிக்கா பஞ்சம்? இவளுடைய அம்மா, அதாவது அத்தை, பல வருஷம் தறியில் உட்கார்ந்தவர். அவர் நெய்த நீலக் கட்டம் போட்ட துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்தேன். கட்டமெல்லாம் கோணிக்கொண்டது. அத்தை கிட்டே வந்து விரலால் தடவிப் பார்த்தார். "பாவு நேராத்தான் இருக்குது. ஊடைதான் சாயுது. தண்ணி தெளிச்சு இந்தப் பக்கமா இழு." இழுத்தேன், நேரானது. ஆட்கள் வரும் இடத்தில் மட்டும் வெள்ளை பூசினேன். மற்ற இடமெல்லாம் அவர் நெசவு அப்படியே தெரிய வேண்டும்.

நம்மைப் பற்றிய ஓவியங்களில் பெரும்பாலும் இரண்டே பேர் இருக்கிறார்கள், சுற்றிலும் ஒரு ஈ காக்கா இல்லாமல். காதல் தெரிகிறது, வீடு தெரிவதில்லை. எனக்கு அது போதவில்லை. இதில் இவள் என் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறாள், பக்கத்தில் அத்தை முறத்தில் அரிசி புடைக்கிறார். அவ்வளவுதான் படம்.

ஜூன் 14, சனி

இவளுடைய கைக்கு நிறம் வரவே மாட்டேன் என்கிறது. எண்ணெய்ப் பளபளப்பு வேண்டும், ஆனால் வியர்வை மாதிரித் தெரியக்கூடாது.

மத்தியானம் அத்தை தன் உருவத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னை ஏம்மா இதுல இழுக்குற? நாலு பேர் பார்ப்பாங்களே."

"பார்க்கட்டும்னுதான் அத்தை."

பதில் சொல்லாமல் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அரக்குப் புடவையோடு திரும்பி வந்தார். "அப்போ அந்தப் பழசுல வரையாத. தீபாவளிக்கு நீ எடுத்துக் குடுத்ததைப் போடு." புடைக்கும்போது யாராவது பட்டுக் கரைப் புடவை கட்டுவார்களா என்று இவள் கேட்டாள். நான் அரக்கைக் குழைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

முடிந்தது. சென்னையில் 2009 முதல் நம் போன்றோரின் வானவில் பேரணி நடக்கும் மாதம் இது. அங்கிருக்கும் தோழிகள் படத்தைக் கொடுத்தனுப்பச் சொல்கிறார்கள். ரயிலில் நானே கொண்டுபோவதாக இருந்தேன். அத்தைக்கு அதில் சம்மதமில்லை.

"மெட்ராஸ் அப்புறம் பார்க்கட்டும். முதல்ல என் தங்கச்சி பார்க்கணும்."

நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு இங்கே காலெடுத்து வைக்காதவர் அந்தத் தங்கச்சி. நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அத்தையே போன் போட்டு அழைத்திருக்கிறார். காலையில் சீக்கிரம் போய்க் கறி வாங்கி வரச் சொல்லி என் கையில் பணம் கொடுத்தாயிற்று.