"இருக்கலாம்"னு எழுதிக் குடுத்தேன்

எங்க ஏரியா காத்து மாசு பத்தி பசுமை தீர்ப்பாயத்துல, அதாவது சுற்றுச்சூழல் கேஸ்கள விசாரிக்கற கோர்ட்டுல, போட்ட கேஸுக்காக, என்கிட்ட இளைப்போட வர குழந்தைங்கள பத்தி டாக்டரா நான் எழுதிக் குடுத்த அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) மொத்தம் நாலு பக்கம். அதுல மூணாவது பக்கத்துல இருக்கற ஒரே ஒரு வரிய மட்டும் மனசுக்குள்ள எத்தன தடவ அடிச்சு அடிச்சு எழுதியிருப்பேன்னு கணக்கே இல்ல. இங்கிலீஷ்ல எழுதினது, தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "இக்குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு வெளிக்காற்றின் மாசு ஒரு காரணமாக இருக்கலாம், கொசுவத்தி, அடுப்புப் புகை, வீட்டில் உள்ளவர்களின் புகைப்பழக்கம் ஆகியவையும் காரணமாக இருக்கலாம்."

தப்பா ஏதாவது இருக்கா? எந்த குழந்தை டாக்டர்கிட்ட காமிச்சாலும் சரியா தான் எழுதியிருக்கீங்கனு சொல்லுவாங்க. காமிச்சும் பாத்தேன், சொன்னாங்க. அப்புறமும் ஏன் இத டைப் பண்ணிட்டு இருக்கேன்னு தெரியல.

வக்கீல் பொண்ணு கிளினிக்குக்கே வந்திருந்தாங்க. என்னவிட பதினஞ்சு வயசாவது சின்னவங்க. ஓபி முடியற வரைக்கும் வெளிய பெஞ்சுல, புள்ளைங்கள மடியில வெச்சிருந்த அம்மாங்களோட உக்காந்திருந்தாங்க. உள்ள வந்து டிராஃப்ட ரெண்டு தடவ படிச்சுட்டு, "டாக்டர், அந்த ரெண்டாவது பாதி வேணுமா?"னு கேட்டாங்க.

"அது உண்மை தானேம்மா."

"உண்மை தான் டாக்டர். உங்ககிட்ட கேட்ட கேள்வி அது இல்லயே."

நான் டக்குனு, "நான் டாக்டர்ம்மா, போராட்டம் பண்றவ இல்ல"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. எங்க கையெழுத்து போடணும்னு பென்சில்ல சின்னதா டிக் பண்ணி காமிச்சாங்க, நானும் போட்டேன். இவ்ளோ தான் நடந்தது. அஞ்சு நிமிஷம் கூட இருக்காது.

அந்த "போராட்டம் பண்றவ இல்ல"ங்கறத ஏன் சொன்னேன்னு இப்ப யோசிச்சா எனக்கே கூச்சமா இருக்கு, ஏன்னா அவங்க என்னைய கொடி புடிக்க கூப்புடல. எங்க சீனியர் ஒருத்தர் முந்தின வாரம் தான் போன்ல, "நமக்கு எதுக்கும்மா கோர்ட்டு, நாம ட்ரீட்மென்ட் குடுக்கறவங்க, நாளைக்கு குறுக்கு விசாரணைனு கூப்பிட்டு உன்ன நிக்க வெச்சு கேப்பாங்க"ன்னு சொல்லியிருந்தார். அந்த பயம் தான் அப்படி வாயில வந்திருக்கணும். இத்தனைக்கும் 2002ல வந்த நம்ம மெடிக்கல் கவுன்சில் நடத்தை விதிகள்லயே, டாக்டரும் ஒரு குடிமகன், பொது சுகாதார விஷயத்துல ஜனங்களுக்கு ஆலோசனை சொல்லணும்னு இருக்கு. எல்லாரும் பரீட்சைக்கு படிச்சு மறந்தது தான்.

ஆனா பயம் மட்டும் தான்னு சொல்லிட்டா எனக்கு நானே அநியாயம் பண்ற மாதிரி ஆயிடும். ஒரு குழந்தைய முன்னாடி உக்கார வெச்சுகிட்டு இந்த குழந்தைக்கு இளைப்பு வந்தது இந்த புகையால தான்னு எந்த டாக்டராலயும் அடிச்சு சொல்ல முடியாது. நூறு குழந்தைங்கள வரிசையா பாத்தா சொல்லலாம், ஒண்ண பாத்து சொல்ல முடியாது. கொசுவத்தி விஷயமும் சும்மா இல்ல, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா 75ல இருந்து 137 சிகரெட் வரைக்கும் புடிச்ச அளவுக்கு நுண்துகள் வரும்னு ஆராய்ச்சியே இருக்கு. அத எழுதாம விட்டா அது பொய் இல்லயா? இப்படி தான் அன்னைக்கு ராத்திரி எனக்கு நானே சொல்லிகிட்டேன், நல்லா தூங்கவும் செஞ்சேன்.

பசுமை தீர்ப்பாயத்துல கேஸ் வந்த அன்னைக்கு நான் போகல. சாயங்காலம் அந்த பொண்ணு போன் பண்ணாங்க. எதிர்தரப்பு வக்கீல் வேற எந்த பேப்பரையும் தொடவே இல்லயாம். என் வரியோட ரெண்டாவது பாதிய மட்டும் நிதானமா படிச்சுட்டு, மனுதாரர் தரப்பு டாக்டரே இப்படி தானே சொல்றாங்கனு உக்காந்துட்டாராம். அப்புறம் வழக்கம் போல ஒரு கமிட்டி போட்டு, ரிப்போர்ட் குடுங்கனு தள்ளி வெச்சாச்சு. அவங்க குரல்ல கோவம் இல்ல. "பரவால்ல டாக்டர், கமிட்டி வந்ததே பெருசு"ன்னாங்க. அந்த பரவால்ல இருக்கே, அதுக்கு திட்டியிருக்கலாம்.

அந்த போன்ல தான் அவங்க சட்டத்த எனக்கு புரிய வெச்சாங்க, நான் முன்னாடியே கேட்டிருக்கணும். தோல் பதனிடற ஷாப்புங்களோட கழிவு கேஸ்ல, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது, 1996 தீர்ப்பு. நம்ம பாலாத்துக்காக வந்த தீர்ப்பு, எனக்கு தெரியாது பாருங்க. அதுல சுப்ரீம் கோர்ட் சொன்னது, கெடுதல் ஆகும்னு நீ நிரூபினு ஜனங்கள கேக்கக்கூடாது, கெடுதல் இல்லனு தொழில் நடத்தறவன் தான் நிரூபிக்கணும். பசுமை தீர்ப்பாய சட்டத்துலயும், முழு நிச்சயம் இல்லாட்டியும் முன்னெச்சரிக்கையா நடந்துக்கணும்ங்கற கொள்கைய வெச்சு தான் தீர்ப்பு குடுக்கணும்னு 20வது பிரிவு இருக்காம். அதாவது நான் நிச்சயம் இல்லாததுக்கு பயந்து ஒதுங்கினேன், சட்டம் நிச்சயம் இல்லாத இடத்துக்கு தான் எழுதியே வெச்சிருக்கு.

அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். லண்டன்ல எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரானு ஒரு ஒம்போது வயசு பொண்ணு, 2013 பிப்ரவரில ஆஸ்துமால இறந்துபோச்சு. வீடு பெரிய ரோட்டுக்கு பக்கத்துலயே. மூணு வருஷத்துக்குள்ள இருபத்தஞ்சு தடவைக்கு மேல ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. முதல் விசாரணைல மூச்சு செயலிழப்புனு எழுதி மூடிட்டாங்க. அவங்க அம்மா விடல. ஸ்டீபன் ஹோல்கேட்னு ஒரு பேராசிரியர், நுரையீரல் டாக்டர், அந்த குழந்தை அட்மிட் ஆன தேதிகளையும் காத்து மாசு அளவுகளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்து ரிப்போர்ட் குடுத்தார். மாசு அளக்கற ஸ்டேஷன் அவங்க வீட்டுல இருந்து ஒரு மைல் தள்ளி. அதுக்காக அவர் சொல்ல முடியாதுனு விலகல. அந்த ரிப்போர்ட்ட வெச்சு 2019ல ஹைகோர்ட் பழைய விசாரணைய ரத்து பண்ணுச்சு, 2020 டிசம்பர்ல காத்து மாசுனு மரண காரணத்துலயே எழுதினாங்க. பிரிட்டன்ல அப்படி எழுதினது அது தான் முதல் தடவ.

அதுல வர வார்த்தை தான் என்னைய போட்டு அறுக்குது. மாசு அந்த சாவுக்கு "கணிசமான பங்கு" வகிச்சதுனு சொன்னாங்க. இது தான் காரணம்னும் சொல்லல, இருக்கலாம்னும் சொல்லல. நடுவுல ஒரு வார்த்தை இருந்திருக்கு, அத நான் தேடவே இல்ல.

சரி, ஹோல்கேட் பேராசிரியர், அவருக்கு பின்னாடி ஒரு யுனிவர்சிட்டி இருக்கு, நான் ரெண்டு ரூம் கிளினிக்ல உக்காந்திருக்கறவனு சமாதானம் சொல்லிப் பாத்தேன். அதுக்கும் நம்ம பக்கத்துலயே பதில் இருக்கு. காசர்கோட்ல பட்ரேங்கற கிராமத்துல மோகன் குமார்னு ஒரு சாதாரண கிராமத்து டாக்டர். முந்திரி தோட்டத்துக்கு ஹெலிகாப்டர்ல எண்டோசல்ஃபான்ங்கற பூச்சிமருந்த தெளிச்ச காலத்துல, தன்கிட்ட வர நோயாளிகள்ல ஏதோ சரியில்லனு கவனிச்சு, மத்த டாக்டர்களுக்கு எழுதி கேட்டவர். அது எங்கெங்கயோ போயி, கடைசில 2011 மே மாசம் சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க தடை போடற வரைக்கும் போச்சு. 2017ல பாதிக்கப்பட்டவங்களுக்கு தலைக்கு அஞ்சு லட்சம் குடுங்கனு கேரளாவுக்கு உத்தரவு. ஆனா ஹெலிகாப்டர் தெளிப்பு ஆரம்பிச்சது எழுபதுகள்ல. நடுவுல எத்தன வருஷம் பாருங்க. இத நெனச்சா ஒரு பக்கம் தெம்பா இருக்கு, இன்னொரு பக்கம் அப்போ என் ஒரு வரியால என்ன குறைஞ்சு போச்சுனும் தோணுது. ரெண்டாவது நெனப்பு வசதியா இருக்கறதால அத நான் நம்பறதில்ல.

ரெகார்டுல இருந்த 22 குழந்தைங்கள்ல ஒரு பையனோட அம்மா, கேஸ் தள்ளி வெச்ச ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. ஏரியா சங்கத்துல யாரோ அஃபிடவிட்ட தமிழ்ல படிச்சு காமிச்சிருக்காங்க. பையனுக்கு நெபு, அதாவது மருந்த ஆவியாக்கி மாஸ்க் வழியா குடுக்கற நெபுலைசர், ஓடிட்டிருக்கு. அவங்க சண்டை போடற மாதிரி எல்லாம் இல்ல, தகவல் சொல்ற மாதிரி தான் சொன்னாங்க. "டாக்டரம்மா, எங்க வூட்ல கொசுவத்தி கொளுத்தறதே இல்ல, பேட்டு தான். அவுரும் பீடிய வுட்டு மூணு வருசம் ஆவுது. அப்பறம் இன்னாத்துக்கு இவனுக்கு எளப்பு வருது?"

நான் அவனோட ஃபைல எடுத்து பாத்தேன். நாலு வருஷமா பாக்கற குழந்தை. வீட்டுக்குள்ள புகைங்கற இடத்துல ஒண்ணுமே எழுதல, நான் கேட்டதே இல்ல. புத்தகத்துல இருக்கறத இவங்க வீட்டுல இருக்கறதா எழுதி கையெழுத்து போட்டிருக்கேன். உண்மை தானேம்மானு அவ்ளோ தெளிவா சொன்னேனே அந்த வக்கீல் பொண்ணுகிட்ட.

அவங்களுக்கு என்ன பதில் சொன்னேன்? இன்ஹேலர் டோஸ் ஏத்தியிருக்கேன், ரெண்டு வாரம் கழிச்சு வாங்கனு சொன்னேன்.

அப்புறம் 22 வீட்டையும் ஒவ்வொண்ணா கேட்டேன், ஒம்போது வீட்டுல கொசுவத்தி இருக்கு. அதனால அந்த வரி முழுசா தப்புனும் சொல்ல முடியல, இது இன்னும் மோசமா இருக்கு. கூடுதல் அஃபிடவிட் போடலாமானு கேட்டிருக்கேன், கமிட்டி ரிப்போர்ட் வரட்டும்னு சொல்லியிருக்காங்க.

எங்க சிஸ்டர் இருக்காங்களே, அவங்க பல வருஷமா காலைல கிளினிக் திறக்கும்போதே, "காத்து அந்தப் பக்கம் இருந்து வருது மேடம், இன்னைக்கு மாஸ்க் நாலு எக்ஸ்ட்ரா எடுத்து வெக்கறேன்"பாங்க. நான் சிரிச்சுட்டு போயிடுவேன். இப்ப நெபு நோட்டுல, குழந்தை பேருக்கும் மருந்துக்கும் பக்கத்துல காத்து எந்தப் பக்கம்னு ஒரு கட்டம் போட்டிருக்கோம், அவங்க தான் எழுதறாங்க. நேத்து அவங்க லீவு. நான் எழுதணுமேனு வாசல்ல போயி நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன், எந்தப் பக்கம்னு எனக்கு தெரியல. அந்த கட்டம் காலியா தான் கிடக்கு.