இடம் பத்தலை

கண்காட்சியில் ஒரு படத்துக்கு நான் எழுதிய குறிப்பு அட்டையில் கங்காணி என்ற சொல் ஏன் இல்லை என்று ஒரு பெரியவர் கேட்டார். "இடம் பத்தலை தாத்தா" என்று சொன்னேன்.

அவர் பதில் பேசவில்லை. அட்டைக்குக் கிட்டே போனார். என் எழுத்து முடிந்த வரியிலிருந்து அட்டையின் அடி விளிம்பு வரைக்கும் ஆட்காட்டி விரலை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். நாலு விரற்கடை அகலத்துக்கு வெறும் வெள்ளை. அவருடைய நகம் நடுவில் பிளந்து ஓரம் கறுத்திருந்தது. விரல் அடியில் வந்து நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கங்காணி இல்லாம நாங்க எப்பிடி வந்தோம், வாத்தியாரே?"

அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அதன் பிறகு எத்தனையோ முறை மனத்துக்குள் அந்த மண்டபத்துக்குப் போய் அதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஊர் வரலாற்றுப் படக்கண்காட்சி வைத்தோம். படங்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. வீடு வீடாகக் கேட்டேன். நாற்பத்தெட்டுக்கு முந்திய படம் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுகூட இல்லை. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் வந்து அடையாள அட்டை கட்டாயமானபோதுதான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்களில் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பாட்டியின் முகம் என்று எனக்குக் காட்டியதெல்லாம் கட்டைவிரல் அகலத்தில் அந்த அட்டைப் படம்தான், அதுவும் மங்கிப்போய்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஆல்பம் இருந்தது. எனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர் வீடு. அவர் தாத்தா எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி, ஆள் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்கியவர். கறுப்பு அட்டைப் பக்கங்கள், நான்கு மூலையிலும் முக்கோண ஒட்டிகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே மெல்லிசான வெண்தாள். முப்பத்தொரு படங்கள். கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்த படம். பஜாரில் குடும்பம் வாங்கிய முதல் மூன்று கடைகள். அத்தாப்பு ஓலைக் கூரையோடு மாரியம்மன் கோயில். பள்ளி நடந்த கொட்டகை.

என்னை நிறுத்தியது பெரட்டுப் படம். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது. விடிந்தும் விடியாத நேரம். ஆபீஸ் திண்ணையில் தோட்டத்துத் தொரை, ஒரு படி கீழே கணக்கெழுதும் கிராணி, களத்தில் கைத்தடியோடு கங்காணி. அவருக்கு எதிரே ஆட்கள் வரிசை. கேமரா ஆட்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அதனால் தொரைக்கு முகம் இருக்கிறது, கிராணிக்கு முகம் இருக்கிறது, கங்காணிக்கு முகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு முதுகு. நாற்பது, ஐம்பது முதுகுகள். சில தோள்களில் வாளி தூக்கும் காண்டாத் தடி, காலடியில் வாளி. பெண்களின் முக்காடு. ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை மட்டும் பின்னால் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறது. அசைந்துவிட்டதால் அதன் முகமும் கலைந்திருக்கிறது.

அந்தப் படத்துக்கு நான் முதலில் எழுதிய குறிப்பு இது: 'பெரிய கங்காணி. ஊரிலிருந்து ஆள் கட்டி நாகப்பட்டினம் வழியாகக் கப்பலில் அழைத்து வந்தவர். இங்கே பிள்ளைகளுக்கு முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். பள்ளிக்கு நிலம் தந்தவர்.'

டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். காட்டாமலேயே ஒட்டியிருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனால் படம் அவருடையது, மனிதர் அவருடைய தாத்தா. கேட்காமல் செய்வது எப்படிச் சரியாகும்?

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிப்பா. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாம். முன்னோடின்னு போட்டுக்கோ."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தபோது விடுதியில் ஒரு பெண், எந்தத் தோட்டம், யார் வீடு என்று விசாரித்துவிட்டு, "உங்க தாத்தா தடி பட்ட முதுகு எங்க தாத்தாவோடது" என்றாளாம். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாளாம். டீச்சருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அந்தப் பெண் அன்றைக்குத் தட்டில் என்ன கறி வைத்திருந்தாள் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது.

என் கையைப் பிடித்து 'அ' போட வைத்தவர் அவர். நான் மாற்றி எழுதினேன். 'தோட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பள்ளிக்கு நிலம் தந்தவர்.' கங்காணி என்ற சொல் போனதும் ஆள் கட்டியதும் போய்விட்டது. அது போனதும் நாகப்பட்டினமும் கப்பலும் சேர்ந்து போய்விட்டன. ஒரு சொல்லைத்தான் எடுத்தேன் என்று நினைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கடலே நின்றிருக்கிறது. எழுத்துச் சொல்லிக் கொடுத்ததைக்கூட ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு கங்காணி ஏன் வாத்தியார் வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்திருப்பேன்.

அதற்குப் பதில் ஒன்றும் ரகசியமில்லை. 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் வந்ததே தவிர வாத்தியார் வரவில்லை. பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ கொட்டகையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டினார்கள். அந்தக் கொட்டகையின் தொடர்ச்சியில்தான் நான் இன்று சம்பளம் வாங்குகிறேன். ஆகவே முன்னோடி என்று எழுதியது பொய்யில்லை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அது உண்மைதான்.

அதே மனிதர் ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கினார். இன்றைக்கு எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்களோ அத்தனை பேருக்கும் அவருக்குக் காசு. ஆள் படுத்துவிட்டால் அவருக்கு நட்டம். காய்ச்சலோடு கிடந்தவனைத் தடியால் தட்டி எழுப்பிய கதைகள் எல்லாத் தோட்டத்திலும் இருப்பதற்கு அது ஒரு காரணம். மளிகைக்கடையும் அவருடையது. அரிசியும் கருவாடும் கடனுக்கு வாங்கி, சம்பள நாளில் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் நானும் ஒருவன். பள்ளிக்குத் தந்த நிலத்தை அவர் எந்தக் காசில் வாங்கினார் என்று யோசித்தால், அந்த நிலத்தில் பாதி எங்கள் ஆட்கள் தந்தது என்றும் சொல்லலாம். சொல்லலாமா? ஒரு மனிதர் தன் கையை விட்டுக் கொடுத்ததை இப்படிக் கூறு போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கொடுக்காமலும் இருந்திருக்கலாம். எத்தனையோ பேர் கொடுக்கவில்லை.

முன்னோடிக் குடும்பங்களின் படங்களுக்கு எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்றும் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து ரவாங்கைப் பேசினால் தம்புசாமிப் பிள்ளை பெயர் வரும். சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு சேர்ந்து நடத்திய ஈயச் சுரங்கத்தில் 1894-இல் மின்சாரம் கொண்டுவந்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோம், வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அந்தச் சுரங்கத்தில் மண் சுமந்தவர்களின் பெயரைச் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது. படம் எடுத்துக்கொள்ள வசதி இருந்தவர்களின் வரலாறு நமக்குப் படமாகக் கிடைக்கிறது. மற்றவர்கள் அந்தப் படங்களின் ஓரத்திலும் பின்புறத்திலும் நிற்கிறார்கள். டீச்சர் வீட்டு ஆல்பம் இல்லாவிட்டால் அந்த ஐம்பது முதுகுகளும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. இதற்காகத்தான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் எடுக்கும்போது பெரட்டுப் படத்தை ஒட்டிகளிலிருந்து கழற்றித் திருப்பினேன். பின்னால் பென்சிலில், அழுத்தமான எழுத்தில், அவர் பெயரும் அதற்கு முன்னால் 'பெரிய கங்காணி' என்றும் இருந்தது. அவரே எழுதியதா, அவர் மகன் எழுதியதா, தெரியவில்லை. எழுதிய கை கூச்சப்பட்டு எழுதிய மாதிரி இல்லை. 'பெரிய' என்பதில் 'பெ' கொஞ்சம் அலங்காரமாக வளைந்திருந்தது. அதை டீச்சரிடம் காட்டியிருந்தால் அவர் மனம் மாறியிருக்குமோ என்னவோ. நான் காட்டவில்லை. காட்டுவது வாதாடுவது மாதிரி இருக்கும் என்று படத்தைத் திரும்ப ஒட்டிகளுக்குள் செருகிவிட்டேன்.

இப்போது அந்தத் தாத்தாவின் கேள்வி. "கங்காணி இல்லாம நாங்க எப்பிடி வந்தோம்?" அன்றைக்கு அதைக் குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆளை அழைத்து வந்தவன் பெயரை மறைத்துவிட்டாயே, எங்களைத் தானாக முளைத்தவர்கள் மாதிரி ஆக்கிவிட்டாயே என்கிறார் என்று. இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி கேட்டது. அவர் நன்றியோடு சொல்லியிருக்கலாம். கங்காணி என்பது அவருக்கு மரியாதைப் பெயராக இருக்கலாம், அதைப் போய் எடுத்துவிட்டாயே என்று வருத்தப்பட்டிருக்கலாம். குரலை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். இரண்டுக்கும் பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்தேகூட இருந்திருக்கலாம். அவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மகளோடு பந்திங் பக்கம் இருக்கிறார் என்றார்கள். போகவில்லை. போய் என்ன கேட்பது? நீங்கள் கோபமாகச் சொன்னீர்களா, பாசமாகச் சொன்னீர்களா என்றா?

இடம் பத்தலை என்று சொன்னதுதான் என்னை அறுக்கிறது. குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், டீச்சரை ஊர் நடுவில் நிறுத்தியது போலாகியிருக்கும். நான்தான் விட்டேன் என்று என் மேல் போட்டுக்கொண்டிருக்கலாம். அது பாதி உண்மை. அதைக்கூடச் செய்யாமல், ஓர் அட்டையின் மேல் பழியைப் போட்டேன்.

எங்கள் ஊரையே பத்தாங் பெர்ஜுந்தை என்பதிலிருந்து 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பலகை மாறியும் பெரியவர்கள் இன்னும் பெர்ஜுந்தை என்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் சொல்கிறார்கள். ஆனால் கண்காட்சி முடிந்த வாரம் ஐந்தாம் வகுப்பில் "கங்காணின்னா யாரு?" என்று கேட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. ஒரு பையன் யோசித்து, "கண்காணிப்பு கேமராவா சார்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது. அன்றைக்குப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, கப்பல் ஏறுமுன் ஆட்களைத் தங்கவைத்த ஆவடி முகாம், நாகப்பட்டினம் முகாம், கப்பல், தலைக்காசு, 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது எல்லாம் சொன்னேன். டீச்சர் வீட்டுப் படத்தைக் காட்டவில்லை.

ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டீச்சர் காப்பி கலந்து கொடுத்தார். பக்கம் பக்கமாகத் திருப்பி, எல்லாப் படமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவர் பெரட்டுப் படத்தில் நிறுத்தினார்.

"நெறைய பேரு வந்தாங்களாப்பா?"

"வந்தாங்க டீச்சர்."

"தாத்தாவப் பத்தி யாரும் ஒன்னும் கேக்கலையா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் அந்த வெண்தாளின் மடிந்த ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாது என்று பயந்தாரா, யாராவது கேட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாரா, எனக்குப் புரியவில்லை.

"இல்ல டீச்சர்" என்றேன்.

"ம்" என்றார். வெண்தாளைப் படத்தின் மேல் இறக்கி, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.