எங்கள் தோட்டத்துக் குளத்தின் கரைக்கசிவைச் சரிசெய்த கதை

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில், சரிவில் இறங்கும் மழைநீரை மறித்து என் தகப்பனார் 12 அடி உயரத்துக்கு ஒரு மண்கரை போட்டிருந்தார். பாசனத்துக்குக் கிணறு தனியாக உண்டு. இந்தக் குளம், பிள்ளைகள் நீந்துவதற்கும் பொங்கலுக்கு வரும் உறவினர்கள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதற்கும் மட்டுமே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையைக் கரை தாங்கிவிட்டது. ஆனால் ஒரு வாரம் கழித்து, மடைக்குழாய் வெளிவரும் இடத்தை ஒட்டிக் கரையின் வெளியடியில் நீர் ஊறத் தொடங்கியது.

ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, ஈரம் தெரிந்த இடத்திலேயே இரண்டு டிப்பர் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் போனார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பத்தாம் நாள் அதே நீர் நாலடி தள்ளி வெளிவந்தது. வெளிப்பக்கத்தை அடைத்தால் நீர் உள்ளேயே தங்கிக் கரையை ஊறவைக்கும் என்பதைக் குளத்து வேலையிலேயே காலம் கழித்த ஒரு பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் கசிவுநீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் கரைமேல் வைத்தார். சற்று நேரத்தில் அடியில் செம்மண் நெல்மணி கனத்துக்குப் படிந்தது. "தெளிஞ்சு வந்தா பயமில்ல தம்பி. கலங்கி வருதுன்னா கரையத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்" என்றார். கரைக்குக் கீழே பக்கத்துத் தோட்டத்து ஏத்தன் வாழை குலைதள்ளி நின்றது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

மோட்டார் வைத்து ஒரே நாளில் குளத்தை வற்றவைக்க நினைத்தேன். ஊறிய உட்சரிவு, தாங்கி நிற்கும் நீர் திடீரென இறங்கினால் சரிந்துவிடும் என்று பெரியவர் தடுத்ததால், நாளுக்கு ஓரடி வீதம் இறக்கினோம். பிறகு ஜேசிபியால் கரையைக் குழாய்வரை திறந்தபோது, குழாயின் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பொந்து இருந்தது. வழுவழுப்பான பிவிசி குழாயை, அதன் ஓரமாக நீர் ஓடாமல் மறிக்கும் தடுப்பு எதுவுமின்றி அப்பா நேராகப் பதித்திருந்தார். அதன் அடிவயிற்றில் மண் இறுகவேயில்லை. போதாக்குறைக்கு நண்டு வளைகள் வேறு.

குழாயைச் சுற்றி மூன்று இடங்களில் கான்கிரீட் தடுப்பு போட்டு, அரையடிக்கு ஒரு படுகையாக மண் பரப்பி ரோலர் ஓட்டினோம். குழாயோரம் மட்டும் திமிசுக்கட்டையால் இடித்தோம். கரிசல் மண் மலிவாகக் கிடைத்தும், கோடையில் வெடிப்பு விடும் என்பதால் வாங்கவில்லை. எங்கள் நிலத்துக் களிமண்ணையே எடுத்தோம். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். வெளியடியில் மணல், சரளை, கல் என்று அடுக்கினோம். நீர் வெளியேறும், மண் தங்கும். குளம் நிரம்பினால் மிஞ்சும் நீர் வழிந்தோடும் மறுகால் ஆறடியாக இருந்தது. அதைப் பதினான்கு அடியாக அகலப்படுத்தினோம்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும்தான் பொருந்தும். எங்கள் கரையை அந்தச் சட்டப்படி ஆய்வு செய்ய யாரும் வரப்போவதில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தான்.

அடுத்த மழைக்குக் குளத்தைப் பாதிவரை மட்டும் நிரப்பி ஒரு மாதம் நிறுத்தினேன். இப்போதும் வாரம் ஒருமுறை கசிவுநீரைக் குடத்தில் பிடிக்கிறேன். குடம் நிறைய இருபது நிமிடம் ஆகிறது. தம்ளரில் வைத்துப் பார்த்தால் அடியில் எதுவும் படிவதில்லை.