கூழிலிருந்து சோற்றுக்கு வந்த கதை

ஒன்பது மாதம் முடியும் வரை எங்கள் பாப்பாவுக்குச் சாப்பாடு என்றால் வழவழவென்று இருக்க வேண்டும். காலையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடி காய்ச்சிய கூழ், மதியம் பருப்பும் சோறும் மிக்ஸியில் அரைத்தது, சாயங்காலம் மசித்த மட்டிப்பழம் (குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் பழம் இதுதான், 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று), ராத்திரி கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சிய கூழ். எல்லாவற்றையும் ஆவென்று வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். ஆனால் ஒரே ஒரு பருக்கை அரைபடாமல் உள்ளே போய்விட்டால் போதும், ஓங்கரித்து, அதுவரை சாப்பிட்டது அத்தனையும் என் சட்டையில்.

நாகர்கோவிலில் இருக்கிறோம். மனைவிக்கு 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டாள். நான் ராத்திரி ஷிஃப்ட், வீட்டிலிருந்தே வேலை, அதனால் பகல் சாப்பாடு முழுக்க என் பொறுப்பு, துணைக்கு அம்மா. அப்பாக்கள் இதையெல்லாம் எழுதுவது குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்பது மாதம் முடிந்து போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் போனபோதுதான் குழந்தை டாக்டர் கேட்டார், கட்டியாக என்ன சாப்பிடுகிறாள் என்று. ஒன்றும் இல்லை என்றோம். இனிமேல் தள்ளிப்போடாதீர்கள், பத்து மாதத்துக்கு மேல் கட்டியான உணவைத் தள்ளிப்போட்டால் பின்னால் சாப்பாட்டில் அடம்பிடிக்கிற வாய்ப்பு கூடும் என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: ஆறு மாதத்தில் மசித்தது, எட்டு மாதத்தில் கையில் எடுத்துத் தின்னக்கூடியது, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. காரணம் எளிது. கூழை விழுங்க நாக்கு முன்னும் பின்னும் போனால் போதும், மெல்ல வேண்டுமென்றால் அது உணவைப் பக்கவாட்டில் தள்ளி மேல் ஈறுக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் கொண்டுபோக வேண்டும், அந்த வித்தை கட்டியான எதுவும் வாய்க்குள் வராமல் வராது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். "பிள்ளைக்கு நாலு பல்லுகூட முளைக்கல்ல, அதுக்குள்ள கட்டியா குடுக்கியா மக்கா?" இந்தப் பல் கணக்கு எல்லா வீட்டிலும் வரும். அரைக்கிற பல் கடைவாய்ப்பல், அது ஒரு வயதுக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். அதுவரைக்கும் ஈறுதான் அம்மி. சந்தேகம் இருந்தால் கையைக் கழுவிவிட்டு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். நான் விட்டேன். அந்தக் கடிக்கு வெந்த சர்க்கரைவள்ளி எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

வழக்கமாக எல்லோரும் சொல்லும் யோசனை, மிக்ஸியில் அரைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, கூழ் தானாகவே கொரகொரப்பாகும், பிள்ளையும் தானாகப் பழகிவிடும் என்பது. சில பிள்ளைகளுக்கு அது சரியாக வருகிறது, அக்கா பையன் அப்படித்தான் வந்தான். எங்கள் பாப்பாவிடம் அது சுத்தமாக எடுபடவில்லை. கொரகொரப்பு கூடக்கூட அவள் வாய் மூடிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவளுக்குக் கட்டி பிடிக்காமல் இல்லை, எதிர்பாராமல் வரும் கட்டிதான் பிடிக்கவில்லை. வழவழப்பான கூழ் என்று நம்பி விழுங்கப் போகிறாள், நடுவில் ஒரு பருக்கை தட்டுப்படுகிறது, தொண்டை திருப்பி அனுப்புகிறது. இதை டாக்டரிடம் சொன்னபோது சரிதான் என்றார், திரவமும் கட்டியும் கலந்த உணவுதான் இந்த வயதில் இருப்பதிலேயே கஷ்டமானது, வாய் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்குப்படி நாம் "லேசான சாப்பாடு" என்று முதலில் கொடுக்கும் ரசஞ்சோறுதான் ரொம்பக் கடினம்! தண்ணியும் பருக்கையும் தனித்தனியாக மிதக்கிறதே.

அதனால் இரண்டையும் பிரித்துவிட்டோம். கூழ் கூழாகவே இருக்கட்டும், கட்டி கட்டியாகவே, அவள் கண்ணுக்குத் தெரியும்படி, அவள் கையிலேயே.

முதலில் கொடுத்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இட்லிக் கொப்பரையில் நன்றாக வேகவைத்து, தோலுரித்து, என் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி அவள் முன்னால் தட்டில் வைத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டேன். கையைக் கட்டிக்கொள்வதுதான் இதில் பெரிய வேலை. அவள் எடுத்தாள், நசுக்கினாள், முழங்கை வரை பூசினாள், பிசுக்கு ஒட்டிய விரலைத் தானே நக்கினாள், அப்புறம் மீதியைக் கடித்தாள். கடித்த துண்டை நாக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் உருட்டி, கடைசியில் வெளியே தள்ளியது. அன்றைக்கு வயிற்றுக்குள் ஏதாவது போயிற்றா என்று கேட்டால் ஒன்றும் போகவில்லை, ஆனால் ஓங்கரிக்கவும் இல்லை.

எதைக் கொடுக்கலாம் என்பதற்கு ஒரே அளவுகோல்தான் வைத்துக்கொண்டேன்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். கேரட்டும் பீன்ஸும் நாம் பொரியலுக்கு வேகவைக்கிற பதத்தில் இதில் தேறாது, இன்னும் ரெண்டு விசில் வேண்டும். மஞ்சள் பூசணி, உருளை, நன்றாகப் பழுத்த பப்பாளி, வேகவைத்த ஏத்தன்பழம், முட்டை ஆம்லெட்டை நீளமாக வெட்டியது, இவையெல்லாம் தேறும். இட்லி தேறும், ஆனால் வெறும் இட்லி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நெய்யோ பருப்புத் தண்ணியோ தடவிக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். தோசையில் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி மட்டும், முறுகல் ஓரம் நமக்கு. புட்டு கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் உதிரியாக இருந்ததால் மூச்சோடு உள்ளே போய் இருமினாள், ஒரு வயது தாண்டட்டும் என்று விட்டுவிட்டேன். மீனில் நெய்மீன் (வஞ்சிரம்) துண்டுதான் வசதி, நடுமுள்ளை எடுத்துவிட்டு விரலால் ஒவ்வொரு இதழாகத் தடவிப் பார்த்துக் கொடுக்கலாம். சாளை (மத்தி) ருசிதான், அதன் பொடிமுள்ளோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது.

இனி ஓங்கரிப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் முதல் நாளே பயந்து மிக்ஸிக்குத் திரும்பிவிடுவீர்கள். ஒருநாள் இடியாப்பத்தை அப்படியே அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள், இழை பின்நாக்கைத் தொட்டிருக்க வேண்டும், முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர், நாக்கு வெளியே வந்து "க்ஹே க்ஹே" என்று சத்தம். அம்மா ஓடி வந்து உச்சந்தலையைத் தட்டுகிறார், யாரோ நினைக்கிறார்கள் என்று வேறு சொல்கிறார். நான் தொடவில்லை, மனசுக்குள் நடுக்கம்தான், ஆனால் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தேன். ரெண்டு நொடியில் கட்டி வெளியே வந்து விழுந்தது, அதையே எடுத்துத் திரும்ப வாயில் வைத்தாள். பச்சைக்குழந்தைக்கு இந்த ஓங்கரிப்பு நாக்கின் முன்பக்கத்திலேயே தூண்டப்படும், வளர வளரப் பின்னால் போகும். அது காப்பாற்றுகிற வேலை. அடைப்பு என்பது வேறு: சத்தம் வராது, அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பூக்கும். சத்தம் இருந்தால் பொறு, சத்தம் நின்றால் பாய், இதைத்தான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

பாய்வது எப்படி என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முன்கை மேல் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்வாக இருக்கும்படி தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, வரவில்லை என்றால் திருப்பி நெஞ்செலும்பின் மேல் ஐந்து அழுத்து, மாறி மாறி, இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக்கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். கேள்விப்பட்டது போதாது, யாராவது செய்து காட்டிப் பழகிக்கொள்வது நல்லது. நாங்கள் டாக்டரிடமே பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொன்னோம்.

அதே பயத்தால்தான் சில பொருட்களை வீட்டில் அவள் கைக்கு எட்டாமல் வைத்தோம். முழு வேர்க்கடலை, பொரிகடலை, முந்திரி, முழுத் திராட்சை (நீளவாக்கில் நாலாக வெட்டினால் கொடுக்கலாம்), பச்சைக் கேரட், பட்டாணி, சப்போட்டா விதை. நுங்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் வழுக்கிக்கொண்டு நேரே தொண்டைக்குப் போகிற பண்டம் அது, மசிக்காமல் கொடுக்கவே கூடாது. தேன் ஒரு வயது வரை தொடவே வேண்டாம், அது அடைப்புக்காக அல்ல, அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நுண்ணுயிருக்காக. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனைத் தொட்டு வைக்கிற சேனைப் பழக்கம் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனிப் போராட்டம். வேர்க்கடலையை முழுதாகத்தான் கூடாதே தவிர, வேர்க்கடலையே கூடாது என்றில்லை. சீக்கிரம் பழக்கினால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு குறைகிறது என்று 2015-ல் வந்த லீப் ஆய்வு காட்டியது. வறுத்து நைஸாக அரைத்துக் கூழில் கலந்து கொடுத்தோம். கடுமையான கரப்பான் (எக்ஸிமா) இருக்கும் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உட்கார்த்திக் கொடுப்பது இன்னொன்று. மடியில் படுக்க வைத்து ஊட்டுவதும், தெருவில் நடந்துகொண்டே காக்கா காட்டி வாயில் தள்ளுவதும் கூழோடு போகட்டும். கட்டி வந்ததும் முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும், சிரிக்க வைக்கக்கூடாது, ஃபோன் கூடாது. விலை கூடிய நாற்காலி எல்லாம் வாங்கவில்லை, சுவரோரம் பாய் விரித்து, முதுகுக்குத் தலையணை வைத்து, நானும் எதிரில் சப்பணம் போட்டு என் தட்டோடு உட்கார்ந்தேன். நான் மெல்லுவதைப் பார்த்துத்தான் அவள் வாயை அசைக்கவே ஆரம்பித்தாள், கொஞ்சம் மிகையாகவே மென்று காட்டுவேன்.

முதல் சில வாரம் அவள் சாப்பிட்ட அளவு பாதியாகக் குறைந்தது உண்மை. அம்மாவுக்கு அது தாங்கவில்லை, பிள்ளை வாடிப்போச்சு என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டார். அதனால் ராத்திரிக் கூழை மட்டும் நிறுத்தவில்லை, இன்னும் கெட்டியாகக் காய்ச்சினோம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? தாய்ப்பாலும் காலை, மாலை நடந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இரும்புச்சத்துதான் முதலில் பற்றாமல் போகும் என்பதால் முட்டை மஞ்சள்கரு, பருப்பு, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றி வைத்தேன், கீரையில் ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

சோறுதான் கடைசியில் வந்தது, அதைக் கொண்டுவந்தது அம்மா. நான் கரண்டியால் மசித்துக் கொடுத்ததை அவள் நாக்காலேயே தள்ளிக்கொண்டு இருந்தாள். அம்மா குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு உள்ளங்கையில் வைத்து நாலு விரலால் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, நாக்கின் நடுவில் வைக்காமல் கடவாய்ப் பக்கம் ஒதுக்கி வைத்தார். தாடை தானாக அசைந்தது! நடுநாக்கில் வைத்தால் விழுங்கப் பார்க்கிறாள், கடவாயில் வைத்தால் மெல்லுகிறாள். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் அம்மா சிரிக்கிறார், "ஒன்ன வளத்தது பின்ன எப்பிடியாம்?" பல்லில்லாமல் கட்டி கூடாது என்று சண்டை போட்டவரும் இவர்தான்.

தனிச் சமையல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. குழம்பில் புளியும் உப்பும் மிளகாயும் சேர்ப்பதற்கு முன்னால் பருப்பும் காயும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் அவள் சாப்பாடு முடிந்தது. சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை வாசனை எல்லாம் இருக்கட்டும், ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் மட்டும் வேண்டாம். வந்து பார்க்கும் சொந்தக்காரர்கள் சப்பென்று இருக்கிறதே என்பார்கள். அவளுக்குச் சப்பென்றால் என்னவென்றே தெரியாது.

இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. காலையில் எங்களோடு இட்லி, தோசை, மதியம் சோறும் காயும், சப்பாத்தி என்றால் பருப்பில் ஊறவைத்துப் பிய்த்துப் போட வேண்டும். ரசஞ்சோறுகூட வாங்கிக்கொள்கிறாள். பசும்பாலை ஒரு வயதுக்கு மேல்தான் குடிக்கக் கொடுத்தோம், அதுவும் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட விடுவதில்லை, பால் வயிற்றை நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடமில்லை, இரும்புச்சத்தும் குறையும். இறைச்சிதான் இன்னும் இழுபறி. கோழியை நார் நாராக மென்றுவிட்டுக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறாள், மதியத் தூக்கத்துக்கு முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வைக்கிறோம். இப்போதைக்குக் கொத்துக்கறியை உருளையோடு சேர்த்து மெத்தென்று தட்டி, குழம்பில் ஊறவைத்துக் கொடுக்கிறேன். அது இறங்குகிறது.