அம்மாவின் லேப்டாப்பும் மூன்று கேள்விகளும்

போன மாதம் மூன்று நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. அம்மாவின் லேப்டாப் திறக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இருந்தது 15 பெண்களின் பணக் கணக்கு.

அம்மா தண்டையார்பேட்டையில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஊக்குநர். யார் இந்த மாதம் சந்தா கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு உள்கடன், வட்டி எவ்வளவு பாக்கி எல்லாம் ஒரே ஒரு எக்செல் கோப்பில். முன்பு நோட்டிலும் எழுதி வைப்பார், போன தீபாவளிக்குப் பிறகு நோட்டில் கூட்டத் தீர்மானம் மட்டும்தான், கணக்கு முழுக்க லேப்டாப்புக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை கூட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய பேட்டரியைக் கடையில் மாற்றிக்கொண்டு வந்து ஆன் செய்தால், வழக்கமான நான்கு இலக்க பின் வேலை செய்யாது, பாஸ்வேர்டு போடு என்கிறது.

பாஸ்வேர்டு வைத்தது நான்தான், 2019-இல், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது. அடுத்த நிமிடமே பின்னும் வைத்துக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பாஸ்வேர்டை யாரும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பின் என்பது அந்த ஒரு கணினிக்கு மட்டும் சொந்தமானது, பெரும்பாலும் உள்ளே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு கட்டிப்போட்டது. பழுது பார்க்கும்போதோ பயாஸ் (கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றும்போதோ அந்தச் சில்லு கலைந்தால் பின் போய்விடும். அப்போது பாஸ்வேர்டுதான் கேட்கும். தினமும் கையில் இருப்பது பின், மறந்துபோவது பாஸ்வேர்டு.

முதலில் எனக்குத் தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினேன். உள்ளே முழுக்கத் தமிழ் எழுத்து! அம்மா கூட்ட அறிவிப்பு அடிப்பதற்காக தமிழ்99 விசைப்பலகை போட்டு வைத்திருந்தேன், அது திரும்பி ஆங்கிலத்துக்கு வரவில்லை. ஆங்கில எம் தட்டினால் ர விழுகிறது, புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவே முடியாது. கீழே வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மாறும். தமிழில் தட்டச்சு செய்கிற எல்லோரும் முதலில் இதைப் பாருங்கள். சரி, மாற்றியும் திறக்கவில்லை, எனக்கு நிஜமாகவே மறந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அதே கடை. "ஃபார்மேட் அடிச்சிடலாம், ஒரு மணி நேரத்துல ரெடி" என்றார். "உள்ள இருக்கிறது?" "அது போயிடும் மா." அம்மா லேப்டாப் பையை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கிவிட்டார். அது சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். பாஸ்வேர்டு மறந்தால் ஃபார்மேட் என்பது கடைசிப் படி, அதை முதல் படியாகச் சொல்லும் கடையில் பொருளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எங்களுடையது மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைக்காத, கணினிக்குள்ளேயே இருக்கும் உள்ளூர் கணக்கு. விண்டோஸ் 10-இல் 2018-க்குப் பிறகு இப்படிக் கணக்கு தொடங்கும்போது மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும். பாஸ்வேர்டு தப்பாகப் போட்டதும் அதற்குக் கீழேயே மீட்டமைக்கும் வழி வரும், கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் புது பாஸ்வேர்டு வைக்கலாம், ஒரு கோப்பும் அழியாது. எங்களுக்கு வந்தவை இவை: நீங்கள் பிறந்த ஊர் எது, உங்கள் பெற்றோர் சந்தித்த ஊர் எது, உங்கள் பெரியப்பா, மாமா பிள்ளைகளில் மூத்தவரின் பெயர் என்ன. கடைசிக் கேள்வியில் ஆங்கிலத்தில் கஸின் என்று ஒற்றை வார்த்தைதான். நம் வீட்டில் அதற்குள் எத்தனை உறவு.

சென்னை என்று போட்டேன், ராயபுரம் என்று போட்டேன், தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் போட்டேன். (தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவால் தொண்டியார்பேட்டை என்று வந்த பெயர் என்பார்கள், ஆங்கிலப் பலகைகளில் இன்னும் அந்தத் தொண்டிதான் இருக்கிறது.) ஒன்றும் நடக்கவில்லை. மதியத்துக்கு மேல் பயம் வந்துவிட்டது, எங்கேயாவது பூட்டிக்கொள்ளப்போகிறது என்று நிறுத்திவிட்டேன்.

முதலில் கோப்பைக் காப்பாற்றுவோம், கதவை அப்புறம் பார்க்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். பர்மா பஜாரில் ஒரு 16 ஜிபி பென்டிரைவ் வாங்கி, சிநேகிதியின் கணினியில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு இலவச இயங்குதளம்) இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதில் ஏற்றினேன். அதைச் செருகி, ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தினால் (ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விசை மாறும்) எதிலிருந்து தொடங்க என்று கேட்கும், பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸ் ஓடும். அங்கே வட்டைத் திறந்து, யூசர்ஸ் என்ற உறைக்குள் அம்மா பெயர், அதற்குள் டாக்குமெண்ட்ஸ். கோப்பு இருந்தது. அதை இன்னொரு பென்டிரைவில் போட்டு, லினக்ஸிலேயே திறந்து காட்டியபோது அம்மா திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக 15 பேரையும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. வட்டு முழுவதையும் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் லினக்ஸிலும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாப்ட் கணக்கோடு திறந்த புது லேப்டாப்களில் அந்தச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்து உள்ளே போய் எடுக்கலாம். பாஸ்வேர்டையும் போனிலிருந்தே மாற்றலாம், ஆனால் கணக்கில் கொடுத்த போன் எண்ணோ மின்னஞ்சலோ உயிரோடு இருக்க வேண்டும். சிம்மை மாற்றிவிட்டு அங்கே எண்ணை மாற்றாமல் விட்டவர்கள் தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கள். பழைய பாதுகாப்பு விவரம் எதுவுமே கையில் இல்லாமல் புதிதாகப் போட்டால் 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். இன்னொன்று, வெளியிலிருந்து கருவி போட்டு உள்ளூர்க் கணக்கின் பாஸ்வேர்டை வலுக்கட்டாயமாக அழித்தால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் விண்டோஸ் வழியாக மறையாக்கம் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய) கோப்புகளும் போய்விடலாம். நான் அதைத் தொடவில்லை.

கோப்பு கைக்கு வந்தபிறகு மனசு லேசாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன், "நீ எங்கம்மா பொறந்த?"

"ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரில."

"ஊரு?"

"மெட்ராஸ்தான். வேற எது?"

அம்மா பிறந்தது 1971. 1996 வரைக்கும் இந்த ஊரின் ஆங்கிலப் பெயர் மெட்ராஸ்தானே. கணக்கு தொடங்கிய அன்றைக்கு நான் கேட்கக் கேட்க அம்மா சொன்னதைத்தான் அடித்திருக்கிறேன், இந்த இரண்டு நாளாக என் பதில்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். தாத்தாவும் ஆயாவும் எங்கே சந்தித்தார்கள்? "சந்திக்கிறதாவது, கல்யாணத்தன்னிக்குத்தான் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்தாங்க, திருவொற்றியூர் கோயில்ல." மூத்தவர் பெயர்? ரேஷன் கார்டில் இருக்கும் பெயரை அம்மா சொல்லவே இல்லை, வீட்டில் கூப்பிடும் இரண்டெழுத்துப் பெயர்தான் வந்தது. திருவொற்றியூருக்கு ஆங்கிலத்தில் டி-க்குப் பிறகு ஹெச் இல்லாமல் முதலில் போட்டேன், ஏற்கவில்லை. ஹெச் சேர்த்தேன். புது பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார்.

புது பாஸ்வேர்டை அம்மாவையே தன் கையால் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன், வீட்டுக்குள் பீரோவில் இருக்கும் நோட்டுதான், பரவாயில்லை. கண்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகள் பகுதிக்குப் போய், உள்ளூர்க் கணக்குக்கான பாஸ்வேர்டு மீட்டமைப்பு வட்டு ஒன்றையும் ஒரு பென்டிரைவில் செய்து வைத்தேன், பின்னாளில் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது செல்லும். அந்தப் பென்டிரைவ் இப்போது வங்கிப் பாஸ்புக்குகளோடு ஒரே பையில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் வேறு லேப்டாப் பார்க்க வேண்டும், அந்தக் கேள்விகளுக்கும் அம்மாதான் பதில் சொல்வார், நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வேன்.

திங்கட்கிழமை கூட்டம் நான்கு மணிக்குத் தொடங்கியது. 15 பேரும் வந்திருந்தார்கள்.