கேஸ் ஷீட்டில் ‘லூயி பாடி டிமென்ஷியா’

இந்தப் பெயருக்கு உரிய ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஃப்ரிட்ஸ் லூயி, டிமென்ஷியாவை (நினைவும் சிந்தனையும் மங்கும் நோயை) தேடிப் போனவரே அல்ல. பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள் உருண்டைப் படிவுகள் இருப்பதை 1912இல் எழுதினார், அவ்வளவுதான். அதே படிவுகளை, உடல் அசைவுக்குப் பொறுப்பான நடுமூளைப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் கண்டு, ‘லூயி பாடி’ என்று லூயியின் பெயரை 1919இல் சூட்டியவர் பாரிஸிலிருந்த ட்ரெட்டியாகாஃப். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய லூயி, 1950இல் அமெரிக்காவில் காலமானார்.

டிமென்ஷியாவோடு அந்தப் பெயர் சேர இத்தனை காலம் ஆனதற்கு முக்கியக் காரணம், மைக்ரோஸ்கோப்பில் பார்க்க மூளைத் திசுவுக்கு ஏற்றும் சாயம். வழக்கமான ஹீமடாக்ஸிலின்-ஈயோசின் சாயத்தில் நைக்ராவின் லூயி பாடியைத் தவறவிடவே முடியாது: நடுவே அடர் ரோஸ் உருண்டை, சுற்றி வெளிறிய வளையம். பெருமூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) உள்ளவற்றுக்கு அந்த வளையம் தெளிவாக இருக்காது. ஸ்லைடைப் பார்ப்பவர் எளிதில் தாண்டிப் போய்விடுவார். ஜப்பானில் மனநல மருத்துவர் கோசாகா 1976 முதலே புறணியைக் காட்டி எழுதிவந்தும், அபூர்வ நோய் என்றே பலர் ஒதுக்கினார்கள். 1980களின் கடைசியில் படிவுகளில் உள்ள யூபிக்விட்டின் புரதத்தைக் காட்டும் சாயம் வந்தபின் அது அபூர்வமில்லை என்று தெரிந்தது. படிவின் முக்கியப் புரதமான ஆல்ஃபா-சைனியூக்ளினைக் காட்டும் சாயம் வந்தது 1997க்குப் பிறகு.

அடுத்தது பெயர்க் குழப்பம். பரவிய லூயி பாடி நோய் என்றார் கோசாகா. லூயி வகை முதுமை டிமென்ஷியா என்றது இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வுக் குழு. அல்சைமரின் ஒரு வகை என்றது அமெரிக்காவின் சான் டியேகோ குழு. 1995இல் நியூகாசிலில் கூடிப் பேசி, ‘லூயி பாடிகளோடு கூடிய டிமென்ஷியா’ என்று முடிவுசெய்தார்கள். 1996இல் அளவுகோல்கள் அச்சாயின. அல்சைமர் மாற்றங்களும் பல மூளைகளில் கூடவே இருப்பதால், ‘கூடிய’ என்று நிறுத்திக்கொண்டது கெட்டிக்காரத்தனம்.

வார்டில் இந்தப் பெயர் உயிர் காக்கும். இல்லாத குழந்தைகளையோ பூனையையோ அறையில் பார்க்கிறார் என்று வீட்டார் சொன்னதும், மாயத்தோற்றங்களை அடக்க ஹாலோபெரிடால் ஊசி போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது கடுமையாக ஒத்துக்கொள்ளாது: உடல் விறைத்து, மயக்கநிலைக்குப் போய், இறந்தும் போகலாம். ஆகவே ஊசிக்கு முன், இந்த நோயா என்று அறிய மூன்று கேள்விகள். ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறிமாறி வருகிறதா? தூக்கத்தில் கை கால்களை வீசி அடிக்கிறாரா? நடை தளர்ந்தது முதலிலா, மறதியா? நடை தளர்ந்து ஓராண்டுக்கும் மேல் கழித்து மறதி வந்தால் பார்க்கின்சன் டிமென்ஷியா என்று எழுதுவோம். அந்த ஓராண்டு வசதிக்காக இழுத்த கோடுதான். இரண்டிலும் ஹாலோபெரிடால் கூடாது.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிட வேண்டும். கூடவே, கூடாத மருந்துகளில் வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடு பெயரையும் சேருங்கள். இரவுப் பணியில் அதிகம் நழுவுவது அதுதான்.